வாத்து சுடப் போன ஆளுநர்

1864 டிசம்பர் மாதக் கடைசி. அமெரிக்காவின் மேற்கே, ஸ்னேக் ஆற்றங்கரையில் லூயிஸ்டன் என்றொரு ஊர். ஐடஹோ பிரதேசத்தின் மேதகு ஆளுநர் கேலப் லயன், வாத்து சுடப் போவதாகச் சொல்லிப் படகில் ஏறினார். ஆற்றைக் கடந்தார். அக்கரையில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தார். பக்கத்துப் பிரதேசத்துக்குப் போயே போய்விட்டார். அன்று வாத்துகளுக்குச் சேதம் ஏதுமில்லை.

மேதகு ஆளுநர் ஏன் ஓடினார்? தலைநகரை லூயிஸ்டனிலிருந்து தெற்கே பாய்சிக்கு மாற்றும் மசோதாவில் கையெழுத்துப் போட்டிருந்தார். லூயிஸ்டன்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சம்மன் கிளம்பியது. சம்மன் வரும்போது வீட்டில் இல்லாமல் இருப்பது எப்படி என்பது எல்லா நாட்டு மேதகுகளுக்கும் தெரிந்த கலைதான். லயன் அதில் வாத்தைச் சேர்த்தார். அவ்வளவே அவருடைய பங்களிப்பு.

ஆள் போனாலும் அரசு முத்திரை ஊரில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதையும் ஆவணங்களையும் சிறைக் கட்டடத்தில் வைத்துப் பூட்டிக் காவல் போட்டார்கள். முத்திரை உள்ளே, திருடர்கள் வெளியே. மூன்று மாதம் கழித்துப் பிரதேசச் செயலர் கிளிண்டன் டிவிட் ஸ்மித் லாப்வாய் கோட்டையிலிருந்து சிப்பாய்களைக் கூட்டிவந்து முத்திரையைத் தூக்கிக்கொண்டு பாய்சிக்குக் கிளம்பினார். ஒரு தலைநகர் இன்னொரு தலைநகரைக் கடத்திக்கொண்டு போன கதை இது. ஐடஹோவின் தலைநகர் இன்றும் பாய்சிதான்.

இருபது ஆண்டு கழித்து இதே பிரதேசம் மண்வெட்டியும் கையுமாக வந்த விவசாயியை வாக்குச்சாவடி வாசலில் நிறுத்தியது. கையைத் தூக்கிச் சத்தியம் செய், உன் ஒழுக்கம் சுத்தமா என்று கேட்டது. அந்தச் சத்தியத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாத்தில் ஆரம்பித்தேன்.

அதற்கு முன் இந்தப் பிரதேசத்தைப் பாருங்கள். பெயரிலேயே பித்தலாட்டம். 1860 வாக்கில் ஜார்ஜ் வில்லிங் என்ற ஆசாமி நாட்டின் தலைநகர் வாஷிங்டனில் ஒரு புதுப் பிரதேசத்துக்காகக் காய் நகர்த்திக்கொண்டிருந்தார். 'ஐடஹோ' என்று பெயர் வையுங்கள், அது செவ்விந்தியர் சொல், மலைகளின் ரத்தினம் என்று பொருள் என்றார். அந்த மொழியைப் பேசுகிறவர்களைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். கட்டுக்கதை என்று தெரியவந்ததும் நாடாளுமன்றம் சுதாரித்தது. அந்தப் பிரதேசத்துக்குக் கொலராடோ என்று வேறு பெயர் வைத்தது. நல்லது. ஆனால் குப்பையில் போட்ட பொய்யை யாரோ பொறுக்கிக்கொண்டார்கள். கொலம்பியா ஆற்றில் ஓடிய ஒரு நீராவிக் கப்பலுக்கு அந்தப் பெயர் ஒட்டியது. ஒரு மாவட்டத்துக்கு ஒட்டியது. 1863 மார்ச் 4 அன்று லிங்கன் கையெழுத்திட்டு உருவாக்கிய பிரதேசத்துக்கே அது நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த மாநிலத்தின் செல்லப்பெயர் 'ரத்தின மாநிலம்'. கல் போலி என்று ஊருக்கே தெரியும். மோதிரத்தைக் கழற்ற மட்டும் மனமில்லை.

பிறந்தபோது அந்தப் பிரதேசம் டெக்சாஸைவிடப் பெரியது. இன்றைய மொன்டானா முழுவதும், வயோமிங்கில் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் அடக்கம். இத்தனை நிலத்தைக் கோடு போட்டுப் பிரித்த மேதைகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். சட்டம். அந்த நிலத்தில் முன்பிருந்த வாஷிங்டன் பிரதேசச் சட்டம் தொடரும் என்று ஒரு வரி எழுதவில்லை. உள்ளூர்ச் சட்டமன்றம் கூடி 1864 ஜனவரியில் புதுச் சட்டம் இயற்றும்வரை அங்கே கொலைகூடச் சட்டப்படி குற்றமில்லை. இடையில் ஒரு வியாபாரியைக் கொன்ற மூவரைப் பிடித்துவந்து, லூயிஸ்டனில் விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, 1864 மார்ச்சில் தூக்கில் போட்டார்கள். சட்டம் இல்லாத காலத்துக் குற்றத்துக்குச் சட்டப்படி தூக்கு! பிரதேச உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தபோது மூவரும் மண்ணுக்குள் இருந்தார்கள். கொலைகாரர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் பார்க்கிறேன்.

அந்த லூயிஸ்டன்தான் என்ன, முறையான ஊரா? அது நெஸ் பெர்ஸ் மக்களின் நிலம். 1855-ல் அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு ஏறத்தாழ 75 லட்சம் ஏக்கர் உங்களுடையது, உங்கள் அனுமதி இல்லாமல் வெள்ளையர் யாரும் அங்கே குடியேற முடியாது என்று எழுதிக்கொடுத்தது. 1860-ல் எலியாஸ் பியர்ஸ் என்பவர் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து ஓடையில் தங்கம் கண்டார். ஓடையில் தங்கம் தெரிந்தால் ஒப்பந்தத்தில் எழுத்து தெரியாது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறி வந்தார்கள். 1861-ல் லூயிஸ்டன் முளைத்தது. கட்டடம் எழுப்பினால்தானே குடியேற்றம்? கித்தான் துணியில் கடை கட்டினார்கள், மதுக்கடை கட்டினார்கள், ஓட்டல் கட்டினார்கள். கந்தல் நகரம் என்று அவர்களே கிண்டல் செய்துகொண்டார்கள். புறம்போக்குகூட இல்லை, பட்டா நிலத்து ஆக்கிரமிப்பு. அதை இரண்டே ஆண்டில் தலைநகர் ஆக்கியது அரசு.

ஆக்கிரமிப்பை அகற்றுவது கஷ்டம். ஒப்பந்தத்தை அகற்றுவது சுலபம். 1863 ஜூனில் புது ஒப்பந்தம் வந்தது. 75 லட்சம் ஏக்கரில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். நிலத்தை இழந்த தலைவர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். நிலம் தப்பித்தவர்கள் இட்டார்கள். இவர்கள் கையெழுத்து அவர்களையும் கட்டும் என்றது அரசு. பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டு உங்கள் வீட்டை விற்கலாம் என்றால் எப்படி, அப்படி. நெஸ் பெர்ஸ் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'திருட்டு ஒப்பந்தம்'. அந்தக் காலத்து ஆவணங்களில் பொருள் சரியாகப் பொருந்திய பெயர் அது ஒன்றுதான்.

இன்று அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் உருளைக்கிழங்கின் புகழ் பாடியிருக்கும். 1830-களிலேயே லாப்வாயில் பாதிரியார் ஸ்பால்டிங்கோடு சேர்ந்து அந்த மண்ணில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள் இந்த நெஸ் பெர்ஸ் மக்கள். பெயர்ப்பலகையில் கிழங்குக்கு இடம் கிடைத்தது. நட்டவர்களுக்கு இல்லை.

சரி, எடுத்துக்கொண்ட நிலத்துக்காவது பணம் கொடுத்தார்களா? இங்கே நம் வாத்து வேட்டைக்காரர் மறுபடி வருகிறார். ஆம், திரும்பி வந்தார். ஓடியவருக்குப் பதவி போகவில்லை. 1865 இறுதியில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிரதேச ஆளுநரே பழங்குடி விவகாரங்களுக்கும் கண்காணிப்பாளர். நெஸ் பெர்ஸ் மக்களுக்குச் சேரவேண்டிய தொகை அவர் கைவழியாகப் போனது. போனது என்றால் போனதுதான். 46 ஆயிரம் டாலருக்கு மேல் கணக்கில் விழுந்தது துண்டு. கேட்டபோது, வாஷிங்டனுக்குப் பயணம் போகையில் ரயிலில் தூங்கிவிட்டேன், யாரோ திருடிவிட்டான் என்றார். வாத்து வேட்டையில் பறவை சிக்காததும் ரயிலில் பணம் தொலைந்ததும் ஒரே கற்பனையின் இரண்டு அத்தியாயங்கள்.

அவர் மட்டும் என்றால் ஒரு கறுப்பு ஆடு என்று விட்டுவிடலாம். 1865-ல் செயலர் ஸ்மித் இறந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்த ஹோரஸ் கில்சன் அடுத்த ஆண்டே 41 ஆயிரம் டாலரோடு கடல் கடந்து கம்பி நீட்டினார். கஜானா துடைத்து வைத்த பாத்திரம். முதல் ஆளுநர் வாலஸ் நல்லவர், திருடவில்லை. பதவியேற்ற சில மாதங்களிலேயே நாடாளுமன்றப் பிரதிநிதியாகத் தேர்வு பெற்று வாஷிங்டனுக்கே திரும்பிவிட்டார். பின்னால் நியமனம் பெற்றவர்களில் சிலர் ஐடஹோ மண்ணை மிதிக்கவே இல்லை. கூட்டிக்கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் பிரதேசத்துக்கு நல்லது செய்தவர்கள்.

இப்போது தெற்கே வாருங்கள். சத்தியம் வாங்கப்பட்ட விவசாயிகள் அங்கேதான் இருந்தார்கள்.

மார்மன்கள். அடிபட்டு வந்த கிறிஸ்தவச் சபையினர். 1838-ல் மிசௌரி ஆளுநர் பாக்ஸ், இவர்கள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். அந்த உத்தரவை மிசௌரி 1976-ல்தான் வாபஸ் வாங்கியது. 138 ஆண்டு, அவசரமே இல்லை. 1844-ல் இலினாய் மாநிலத்துச் சிறையில் இருந்த அவர்களது தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்கள் ப்ரிகம் யங் தலைமையில் 1847-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து வடக்கே கிளை விட்டார்கள். 1855-ல் லெம்ஹை ஆற்றங்கரையில் போட்ட கோட்டை மூன்றே ஆண்டில் கைவிடப்பட்டது. 1860 ஏப்ரல் 14 அன்று 13 குடும்பங்கள் ஃபிராங்க்ளின் என்ற ஊரை அமைத்தன.

ஐடஹோவின் முதல் நிரந்தரக் குடியிருப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் ஊர் அது. அதில் ஒரு சின்னச் சங்கடம். அந்த ஊர்க்காரர்கள் தாங்கள் யூட்டாவில் இருப்பதாகவே நினைத்தார்கள். 1872-ல் எல்லை அளந்து கல் நட்டபோதுதான் தாங்கள் ஐடஹோக்காரர்கள் என்று தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு முகவரி தெரியாத முதல் ஊர். அதுகூடப் போகட்டும். 'முதல்' என்ற சொல்தான் உறுத்துகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலம் கழித்த ஷோஷோனி மக்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? குடியிருப்பு என்றால் கதவும் அதற்கொரு பூட்டும் இருக்க வேண்டும் போலும்.

ஷோஷோனி மக்கள் புல்விதையைச் சேகரித்து மாவாக்கி உண்பவர்கள். குடியேறியவர்களின் மாடுகள் அந்தப் புல்லை மேய்ந்தன. இவர்களுடைய தீவனம் அவர்களுடைய சோறு. பசி வந்தது. பசித்தவர்கள் மாட்டைப் பிடித்தார்கள். மாடு பிடித்தவன் திருடன். புல் பிடித்தவன் முன்னோடி. சண்டை போடுவதைவிடச் சோறு போடுவது மலிவு என்பது ப்ரிகம் யங் சொன்ன வழி. அதன்படி மார்மன்கள் தானியம் கொடுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். சொல்லைக் கவனியுங்கள். மலிவு. நியாயம் என்று அவர் சொல்லவில்லை.

1863 ஜனவரி 29. விடியற்காலை. எலும்பு உறையும் குளிர். ஃபிராங்க்ளினுக்கு வடக்கே பேர் ரிவர் ஆற்றங்கரையில் ஷோஷோனி மக்களின் குளிர்கால முகாம். கர்னல் பேட்ரிக் கானர் படையோடு வந்தார். வழிகாட்டியாக வந்தவர் போர்ட்டர் ராக்வெல், மார்மன்களின் பெயர்பெற்ற துப்பாக்கிக்காரர். முகாம் இருந்த இடம் அன்றைய கணக்கில் வாஷிங்டன் பிரதேசம். படை கலிபோர்னியாவுடையது. கிளம்பியது யூட்டாவிலிருந்து. யார் யாருடைய எல்லைக்குள் யாரைச் சுட்டார்கள் என்று கேட்க ஒரு அதிகாரிகூட இல்லை. 34 நாள் கழித்துத்தான் ஐடஹோவே பிறக்கப்போகிறது.

முதலில் சண்டை நடந்தது. ஷோஷோனி மக்களிடம் குண்டு தீர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்குச் சண்டை என்று பெயரில்லை. தலைவர் பேர் ஹன்டர் உட்பட 250 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 400-ஐத் தாண்டும் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். குடில்களைக் கொளுத்தினார்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த தானியத்தை எடுத்துக்கொண்டார்கள். கானர் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

பக்கத்தில் இருந்த மார்மன்கள் என்ன சொன்னார்கள்? மிசௌரியில் தங்களை ஒழிக்க உத்தரவு போட்டதை நெஞ்சில் சுமந்து வந்தவர்கள், இலினாயில் ரத்தம் பார்த்தவர்கள், இதைக் கடவுளின் செயல் என்று ஊர்ச் சபைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். கானரை அவர்களுக்குப் பிடிக்காது. கானருக்கும் அவர்களைப் பிடிக்காது. அன்று ஒரு நாள் மட்டும் இருவருக்கும் ஒரே கடவுள். அடிபட்டவன் அடுத்தவன் வலியை அறிவான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது ஆறுதலுக்குச் சொல்வது. உயிர் தப்பிய தலைவர் சாக்விச் பத்தாண்டு கழித்து, 1873-ல், மார்மன் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றார். நிலமும் புல்லும் போன பிறகு சேர்ந்துகொள்ள வேறு எது மிச்சமிருந்தது?

1932-ல் அந்த இடத்தில் முன்னோடிகளின் வாரிசுகள் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 'போர்' என்று எழுதினார்கள். இறந்தவர் கணக்கையும் எழுதினார்கள். அதில் ஏறத்தாழ 90 பேர் பெண்களும் குழந்தைகளும். அதை அப்படியே எழுதக் கை கூசியிருக்க வேண்டும். ஆகவே ஒரு அடைமொழி சேர்த்தார்கள். 'போரிட்ட' பெண்களும் குழந்தைகளும். நின்று நிதானமாக உலோகத்தில் பொறித்த சொல் அது. அவசரத்தில் வந்த அச்சுப்பிழை அல்ல. ஜனவரிக் குளிரில் தாயின் போர்வைக்குள் கிடந்த பிள்ளை எந்தப் பட்டாளத்தில் எந்தப் பதவியில் இருந்தது என்று பலகையில் விவரம் இல்லை. அது படுகொலை என்று மத்திய அரசின் பட்டியலில் பெயர் மாற 1990 ஆனது.

சரி. சத்தியத்துக்கு வருவோம்.

1880-கள். தென்கிழக்கு ஐடஹோவில் மார்மன்கள் வாய்க்கால் வெட்டி, கோதுமை போட்டு, பிள்ளை குட்டிகளோடு பெருகிவிட்டார்கள். பிரதேசத்து மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். அவர்கள் ஒட்டுமொத்தமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அதுதான் குற்றம். ஆனால் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான், பறியுங்கள் ஓட்டை என்று பச்சையாகச் சொல்ல முடியுமா? ஒழுக்கம் கைகொடுத்தது. மார்மன்களில் பலதார மணம் உண்டு. மத்திய அரசு 1882-ல் அதற்கு எதிராகக் கடுமையான சட்டம் கொண்டுவந்திருந்தது. ஐடஹோ ஒரு படி மேலே போனது. 1885-ல் வாக்காளர் உறுதிமொழி.

பலதார மணம் செய்தவனுக்கு ஓட்டு இல்லை என்று மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். நாலு பெண்களை ஒரு கிழவருக்குக் கட்டிவைத்து அதற்குத் தேவலோகத் திருமணம் என்று பெயர் வைத்த சபைக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் உறுதிமொழி கேட்டது வேறு. பலதார மணத்தைப் போதிக்கும் எந்த அமைப்பிலும் நான் உறுப்பினர் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதாவது சபையில் பெயர் இருந்தாலே போதும்.

ஒனைடா மாவட்டத்தில் அன்று ஒரு தேர்தல் நாளை நினைத்துப் பாருங்கள். விவசாயி ஒருவன் வரிசையில் நிற்கிறான். ஒரே மனைவி. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மனைவிதான். அதற்கு மேல் கட்ட வசதியும் இல்லை. முழங்கால்வரை வாய்க்கால் சேறு. எனக்கு ஒரே மனைவி ஐயா என்கிறான். அது இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்கிறார் அதிகாரி. முடிந்தது. அவனுக்குப் பின்னால் நிற்பவன் சுரங்க நகரத்திலிருந்து வந்தவன். அந்த ஊர் விடுதிகளில் எத்தனை பேரோடு உறவு என்று அவனை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவரை அது ஒழுக்கம்தான்.

இதன் சூத்திரதாரி ஃபிரெட் டூபாய்ஸ். மத்திய அரசின் மார்ஷல். நள்ளிரவில் கதவைத் தட்டி இரண்டாம் மனைவிகளைத் தேடியே பெயர் வாங்கியவர். அந்தப் பெயரிலேயே தேர்தலில் நின்று நாடாளுமன்றப் பிரதிநிதி ஆனார். வயதான காலத்தில் உண்மையைத் தானே எழுதினார். எங்களுக்குப் பலதார மணம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, சபையின் அரசியல் பலம்தான் பிரச்சினை என்று. பின்னாளில் கட்சி மாறி, எந்தக் கட்சிக்கு வாக்களித்ததற்காக அந்த விவசாயிகளை வரிசையிலிருந்து விரட்டினாரோ, அதே ஜனநாயகக் கட்சியின் செனட்டராகவும் உட்கார்ந்தார். அவரிடம் யாரும் உறுதிமொழி கேட்கவில்லை.

மார்மன்களும் சளைக்கவில்லை. சபையில் இருந்தால்தானே ஓட்டு இல்லை? 1888 தேர்தலுக்கு முன் கூட்டமாகச் சபையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். சாமுவேல் டேவிஸ் என்பவர் அப்படிச் சத்தியம் செய்து ஓட்டுக்குப் பதிவு செய்துகொண்டார். பொய்ச் சத்தியம், கூட்டுச்சதி என்று வழக்கு. 500 டாலர் அபராதம், கட்டாவிட்டால் சிறை. சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. 1888 ஜனவரி 1 முதல் எப்போதாவது சபையில் இருந்திருந்தாலும் ஓட்டு இல்லை. இன்றைக்கு விலகினாலும் போன வருடம் இருந்தாயே! காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் வண்டியை முதலில் கண்டுபிடித்தது ஐடஹோ சட்டமன்றம். டேவிஸ் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1890 பிப்ரவரியில் நீதிபதிகள் ஒருமனதாக ஐடஹோ பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கருத்தை ஆதரிப்பதற்காகவே ஓட்டைப் பறிக்கலாம் என்ற அந்தப் பகுதி இனிச் செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1996 ஆனது.

இதற்கிடையில் 1889 கோடையில் பாய்சியில் கூடி அரசியல் சட்டம் எழுதினார்கள். மத சுதந்திரம் என்றென்றும் உண்டு என்றது முதல் அத்தியாயத்தின் ஒரு பிரிவு. அதே பிரிவுக்குள்ளேயே 'ஆனால்' என்று ஆரம்பித்து மார்மன்களைக் கழித்தார்கள். வாக்குரிமைப் பிரிவு இன்னும் விசேஷம். மார்மன் கிடையாது. அமெரிக்காவில் பிறக்காத சீனர் கிடையாது. 1870 கணக்கெடுப்பில் 14,999 பேரில் 4,274 பேர் சீனர்கள். வெள்ளையர் கைவிட்ட ஓடைகளில் மண்ணை மறுபடி அலசி, மாதம் 4 டாலர் வரி கட்டி, காலியான கஜானாவில் காசு போட்டவர்கள். 1887-ல் முப்பதுக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களை ஆற்றோரத்தில் கொன்றார்கள். பிணங்கள் லூயிஸ்டன்வரை மிதந்து வந்தன. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அப்புறம், நாகரிகப் பழக்கங்களை ஏற்காத பழங்குடியினருக்கும் ஓட்டு கிடையாது. நாகரிகம் என்ன என்பதைப் பேர் ரிவரில் பார்த்துவிட்டோம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரி உண்டு. பொதுப்பணத்தைக் கையாடித் தண்டனை பெற்றவனுக்கும் ஓட்டு இல்லை. தண்டனை பெற்றவனுக்கு! ரயிலில் தூங்கிய ஆளுநர் தண்டனை பெறவே இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அவர் தகுதியுள்ள வாக்காளர். கையைத் தூக்கி உறுதிமொழியும் தடங்கலின்றிச் சொல்லியிருப்பார். மார்மன் இல்லையே.

1890 ஜூலை 3. ஐடஹோ 43-ஆவது மாநிலம் ஆனது. ஒரு நாள் தள்ளினால் சுதந்திர தினக் கொடியில் நட்சத்திரம் அந்த ஆண்டு ஏறாது என்பதற்காக அவசரம். நட்சத்திரத்துக்கு ஒரு நாள் தாமதம்கூடப் பொறுக்காதவர்கள். மாநிலத்தின் முதல் ஆளுநர் ஜார்ஜ் ஷூப். 1864-ல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயன், அரபாஹோ பழங்குடியினரின் முகாமைச் சூறையாடிய படைகளில் ஒன்றுக்குக் கர்னலாக இருந்தவர். சில வாரத்தில் செனட்டர் ஆகி வாஷிங்டன் போனார். நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் வைக்கலாம். ஐடஹோ வைத்த முதல் சிலை அவருடையது. 1910 முதல் நிற்கிறார்.

மாநிலம் ஆகி மூன்று மாதத்துக்குள் மார்மன் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சாக்கு போய்விட்டது. ஓட்டுத் திரும்பி வர மேலும் சில ஆண்டு ஆனது. அரசியல் சட்டத்து வரியோ அசையவே இல்லை. பழங்குடியினரைத் தள்ளிவைத்த சொற்கள் 1950-ல் போயின. சீனர்களைத் தள்ளிய சொற்கள் 1962-ல். மார்மன்களைக் குறிவைத்த வரி 1982-ல். அந்த ஆண்டு ஆளுநர் நாற்காலியில் இருந்த ஜான் எவன்ஸ் ஒரு மார்மன். ஒனைடா மாவட்டத்து மலாட் ஊர்க்காரர். அவருடைய ஊர்க்காரர்களை வரிசையிலிருந்து விரட்டிய வரி, அவர் காக்க வேண்டிய அரசியல் சட்டத்தில் அதுவரை பத்திரமாக இருந்தது.

பேர் ரிவர் நிலம் மட்டும் பாக்கி. 2018-ல் ஷோஷோனி மக்களின் வடமேற்குப் பிரிவினர் தங்கள் பாட்டன் பாட்டிகள் விழுந்துகிடந்த இடத்தில் ஏறத்தாழ 550 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். அரசு கொடுக்கவில்லை. பத்திரம் எழுதி, 17.5 லட்சம் டாலர் கொடுத்து, விலைக்கு வாங்கினார்கள்.